மூன்று வினாடி இசையும் முடியாத வாக்கியமும்: அனிமேஷன் தொடர்களில் பதற்றம் உருவாகும் விதம்

அனிமேஷன் தொலைக்காட்சித் தொடர்களில் மூன்று நான்கு வினாடிகள் மட்டுமே ஒலிக்கும் பின்னணி இசைத் துணுக்கு எப்படி நம்மை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்க வைக்கிறது, அதே துணுக்கைப் படமில்லாமல் தனியே கேட்டால் ஏன் பெரிதாக ஒன்றும் தோன்றுவதில்லை என்று கேட்கப்பட்டிருக்கிறது. சுருக்கமாகச் சொன்னால், பதற்றத் துணுக்கு ஓர் இசை வாக்கியத்தைத் தொடங்கிவிட்டு அதை முடிக்காமல் நின்றுவிடுகிறது. அதன் முடிவைத் தேடும் வேலை நம் காதிலும் மனத்திலும் தொடர்கிறது. அந்தத் தேடலைத்தான் நாம் பதற்றமாக உணர்கிறோம். படம் இல்லாதபோது தேடுவதற்கு எதுவும் இல்லை, ஆகையால் துணுக்கு வெறும் ஒலியாகக் கடந்துபோகிறது. ஆனால் இந்தப் பதிலில் இசையின் பங்கு பாதிதான். மீதிப் பாதி, அனிமேஷன் எப்படி வரையப்படுகிறது, தொலைக்காட்சிக்காக எப்படித் தயாரிக்கப்படுகிறது என்பதில் இருக்கிறது. பெரும்பாலான விளக்கங்கள் இதை விட்டுவிடுகின்றன என்பதால் இங்கே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் இசையை எடுத்துக்கொள்வோம். மேற்கத்திய இசையில் பதற்றத்துக்கென்றே பல தலைமுறைகளாகப் பயன்பட்டுவரும் ஒரு கார்டு (chord, அதாவது ஒன்றாக ஒலிக்கும் சுரங்களின் கூட்டு) உண்டு. அதை டிமினிஷ்டு செவன்த் என்பார்கள். ஷட்ஜம், சாதாரண காந்தாரம், பிரதி மத்தியமம், சதுஸ்ருதி தைவதம் ஆகிய நான்கையும் ஒரே நேரத்தில் ஒலித்துப் பார்த்தால் அது கிடைக்கும். இந்த நான்கு சுரங்களுக்கு இடையிலும் இடைவெளி ஒன்றே, அதாவது மூன்று அரைச்சுரம் (அரைச்சுரம் என்பது கீபோர்டில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு இடையிலான தூரம்). இடைவெளிகள் எல்லாம் சமமாக இருப்பதால் எந்தச் சுரம் ஆதாரம், எது அதைச் சார்ந்தது என்று காதால் தீர்மானிக்க முடிவதில்லை. இந்தக் கார்டு நான்கு திசைகளில் எந்தத் திசையிலும் சென்று ஓய்வு கொள்ள முடியும். எங்கே செல்லப்போகிறது என்று அது காட்டிக்கொடுப்பதில்லை. கதவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று கதாபாத்திரத்துக்குத் தெரியாத நேரத்தில், சுரம் எங்கே போய் இறங்கும் என்று நமக்கும் தெரியாமல் போகிறது. படமும் இசையும் ஒரே அறியாமையை இரண்டு வழிகளில் நமக்குத் தருவதால்தான், இத்தனை பழகிய பின்னும் அந்தக் கார்டு வேலை செய்கிறது.

சுரம் ஒரு வழி என்றால், வாசிக்கும் முறை இன்னொரு வழி. ஒரே சுரத்தை வில்லால் மிக வேகமாக மீண்டும் மீண்டும் உரசி நடுங்கவைக்கும் டிரெமோலோ இன்று எல்லாத் தொடர்களிலும் கேட்கிறது. இத்தாலிய இசையமைப்பாளர் மொன்டெவெர்டி 1624இல் ஒரு போர்க்களக் காட்சிக்கு எழுதிய இசையிலேயே கம்பி வாத்தியங்கள் ஒரே சுரத்தை விரைவாக அடுக்கி அடித்துக் கலவரத்தைக் காட்டின. டிரெமோலோவின் பலம் எளிமையானது: சுரம் நகரவில்லை, ஆனால் ஒலி அசைந்துகொண்டே இருக்கிறது. ஏதோ நடந்துகொண்டிருக்கிறது, ஆனால் எதுவும் நடக்கவில்லை என்ற முரண்பட்ட நிலையை இதைவிடக் குறைந்த செலவில் உருவாக்க முடியாது. பதற்றத் துணுக்குகளில் முழுமையான மெட்டு ஏறக்குறைய இருப்பதேயில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். மெட்டு அமைய நேரம் வேண்டும். அமைந்துவிட்டால் அதற்குத் தொடக்கமும் முடிவும் வந்துவிடும், முடிவு வந்தால் மனம் இளைப்பாறிவிடும்.

இந்தச் சொற்களஞ்சியம் தொலைக்காட்சிக்கு முன்பே உருவாகிவிட்டது. ஊமைப்படக் காலத்தில் அரங்கில் பியானோ வாசித்தவர்களுக்காக ஜே. எஸ். ஜமெக்னிக் எழுதிய சிறு துண்டுகள் 1913இல் அமெரிக்காவில் அச்சாகி விற்பனைக்கு வந்தன. ஜுசெப்பே பெச்சே தொகுத்தவை 1919 முதல் பெர்லினில் வெளியாயின. மர்மம், துரத்தல், புயல் என்று காட்சியின் வகைக்கேற்ப இசையைப் பிரித்து வைக்கும் பழக்கம் அங்கிருந்து வருகிறது. ஆகவே தொலைக்காட்சியின் முதல் தலைமுறை இந்த ஒலிகளைக் கேட்டபோது அவற்றின் பொருளைப் புதிதாகக் கற்க வேண்டியிருக்கவில்லை.

உடலும் இதில் சம்பந்தப்பட்டிருக்கிறது. எதிர்பாராமல் எழும் உரத்த ஒலிக்கு நம் தசைகள் யோசிப்பதற்கு முன்பே, நொடியில் ஒரு சிறு பகுதிக்குள், சுருங்கிவிடுகின்றன. ஸ்டிங் எனப்படும் ஒற்றை அடித் துணுக்கு இந்த அனிச்சைச் செயலைத்தான் தொடுகிறது. ஆனால் அனிச்சைச் செயலால் மட்டும் எல்லாவற்றையும் விளக்கிவிட முடியாது. உயிரியலாளர் டேனியல் பிளம்ஸ்டீனும் அவருடன் பணியாற்றியவர்களும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், விலங்குகளின் அலறலைப்போன்ற கரகரப்பு கலந்த இசையைத் தனியாகக் கேட்டவர்கள் அதை அதிகக் கிளர்ச்சி தருவதாக மதிப்பிட்டார்கள். அதே இசையைச் சாதாரணமான, எதுவும் நடக்காத காணொளியுடன் சேர்த்துக் காட்டியபோது கிளர்ச்சி மட்டுப்பட்டது. விரும்பத்தகாத உணர்வு மட்டும் எஞ்சியது. இசை படத்தின் மீது தன் பொருளை ஒருதலையாகத் திணிப்பதில்லை என்பது இதிலிருந்து தெரிகிறது. படம் இடம் கொடுத்தால்தான் துணுக்கு முழு வேகத்தில் செயல்படும். படம் மறுத்தால், ஏதோ சரியில்லை என்ற மெல்லிய உறுத்தலாக அது தங்கிவிடும். அந்த உறுத்தலைக்கூடத் திறமையான தொகுப்பாளர்கள் பயன்படுத்திக்கொள்கிறார்கள்: வெயிலில் விளையாடும் குழந்தைகளின் காட்சியில் மிகத் தாழ்ந்த ஒரு சுரத்தை மட்டும் நீட்டிவிட்டால், அடுத்த காட்சிக்கான நிலம் தயாராகிவிடுகிறது.

இனி அனிமேஷனுக்கு வருவோம். விஷயத்தின் சாரம் இங்கேதான் இருக்கிறது. திரையரங்குகளுக்காகத் தயாரான பழைய கார்ட்டூன்களில் இசை ஏறக்குறைய இடைவிடாமல் ஓடியது. வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்தில் கார்ல் ஸ்டாலிங்கும் எம்ஜிஎம் நிறுவனத்தில் ஸ்காட் பிராட்லியும் ஒவ்வோர் அசைவுக்கும் ஓர் இசைச் சைகை என்ற அளவில் எழுதினார்கள். ஒரு வினாடிக்கு 24 பிரேம்கள் (தனித்தனிப் படங்கள்) என்பதால் 12 பிரேமுக்கு ஒரு தாள அடி வைத்தால் நிமிடத்துக்கு 120 அடிகள், 8 பிரேமுக்கு ஒன்று வைத்தால் 180 அடிகள் என்று கணக்கிட்டு, வரைபவரும் இசையமைப்பாளரும் ஒரே அட்டவணையில் வேலை செய்தார்கள். பிராட்லி 1944இல் டாம் அண்ட் ஜெர்ரி படம் ஒன்றில் எந்தச் சுரத்தையும் ஆதாரமாகக் கொள்ளாமல் பன்னிரண்டையும் சமமாக நடத்தும் பன்னிரு சுர வரிசை முறையைக்கூடப் பயன்படுத்தினார். பொதுமக்கள் கச்சேரி அரங்கில் கேட்கத் தயங்கிய இசையைக் கார்ட்டூனில் எந்தத் தயக்கமும் இல்லாமல் ஏற்றுக்கொண்டார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கும் செய்தி.

தொலைக்காட்சிக்கு அந்த வசதி இல்லை. அமெரிக்காவில் 1957இல் தொடங்கிய ஹன்னா பார்பெரா நிறுவனமும், 1963இல் ஒளிபரப்பான டெட்சுவான் ஆட்டம் (ஆஸ்ட்ரோ பாய்) தொடரின் மூலம் ஜப்பானில் வாராந்திர அனிமேஷனை நிலைநிறுத்திய ஒசாமு தெசுகாவின் குழுவும், குறைந்த பணத்திலும் குறைந்த நாட்களிலும் ஓர் அத்தியாயத்தை முடிக்க வேண்டியிருந்தது. அதற்கு அவர்கள் கண்ட வழி, அசைவைக் குறைப்பது. ஒரே ஓவியத்தை மூன்று பிரேம்களுக்கு வைத்தால் வினாடிக்கு எட்டு ஓவியங்கள் போதும். அதையும் தாண்டி, ஒரே ஓவியத்தைப் பல வினாடிகள் அசையாமல் நிறுத்திவைத்து, கேமராவை மட்டும் மெதுவாக நெருங்கச் செய்யலாம். அசையாத ஓவியத்துக்குக் காலம் கிடையாது. அது அரை வினாடி நின்றாலும் ஐந்து வினாடி நின்றாலும் கண்ணுக்குக் கிடைக்கும் செய்தி ஒன்றுதான். அந்த ஓவியத்துக்குள் நேரம் ஓடுகிறது என்று நம்மை உணரவைப்பது ஒலி மட்டுமே. நடிகர்களைப் படம்பிடிக்கும் தொடரில் முகத்தின் தசை துடிக்கும், மூச்சில் தோள் ஏறி இறங்கும், கண் இமைக்கும். அங்கே இசை ஏற்கெனவே இருக்கும் பதற்றத்தைக் கூட்டுகிறது. தொலைக்காட்சி அனிமேஷனில் இவற்றில் பலவற்றையும் வரைய முடியாததால், பதற்றத்தை இசையே தொடக்கத்திலிருந்து கட்ட வேண்டியிருக்கிறது. சிறு துணுக்குக்கு இங்கே இவ்வளவு அதிகாரம் வந்தது இதனால்தான்.

ஓர் எடுத்துக்காட்டை அருகில் வைத்துப் பார்க்கலாம். இரவு நேரம், ஒரு நீண்ட நடைகூடம், ஒரு சிறுமி மூடிய கதவின் கைப்பிடியைப் பிடித்திருக்கிறாள். ஷாட்டின் நீளம் நான்கு வினாடி, அதாவது 96 பிரேம். ஓவியம் ஒன்றே, கேமரா மட்டும் கைப்பிடியை நோக்கி மெல்ல நெருங்குகிறது. முதல் 24 பிரேம்களில் இசை இல்லை, கட்டடத்தின் மெல்லிய ரீங்காரம் மட்டும் கேட்கிறது. 25ஆவது பிரேமில் வயோலாக்கள் (வயலினைவிடச் சற்றுப் பெரிய, தாழ்ந்த குரல் கொண்ட வாத்தியங்கள்) மிகத் தணிந்த டிரெமோலோவைத் தொடங்குகின்றன. 49ஆவது பிரேமில் அந்தச் சுரம் ஓர் அரைச்சுரம் மேலே ஏறுகிறது. ஒலியின் அளவு கூடவில்லை, இருந்தும் கூடியதுபோல் தோன்றுகிறது. 73ஆவது பிரேமில் பாஸ் கிளாரினெட் என்ற தாழ்ந்த குரல் ஊதுவாத்தியம் இரண்டு தாழ்ந்த சுரங்களை நடுவே இடைவெளி விட்டு ஒலிக்கிறது. 90ஆவது பிரேமோடு எல்லாம் நின்றுவிடுகின்றன. கடைசி ஆறு பிரேம்கள், கால் வினாடி, நிசப்தம். பிறகு ஷாட் மாறுகிறது: கதவு திறந்திருக்கிறது, அறை காலியாக இருக்கிறது.

இந்த நான்கு வினாடிகளில் முக்கியமான முடிவுகள் இரண்டு. இசை முதல் பிரேமிலேயே தொடங்கியிருந்தால் அது கதை சொல்பவரின் எச்சரிக்கையாக இருந்திருக்கும். நமக்கு ஆபத்து தெரியும், சிறுமிக்குத் தெரியாது. ஒரு வினாடி கழித்துத் தொடங்குவதால், கைப்பிடியைத் தொட்ட பிறகு அவளுக்கே ஏதோ தோன்றியதாக நாம் புரிந்துகொள்கிறோம். பயம் யாருடையது என்பதைத் துணுக்கின் தொடக்கப் புள்ளி தீர்மானிக்கிறது. இரண்டாவது முடிவு, ஷாட் மாறும் இடத்தில் ஸ்டிங் வைக்காமல் விட்டது. அங்கே ஓர் அடி விழுந்திருந்தால் நாம் அதிர்ந்திருப்போம், ஆனால் அறை காலியாக இருப்பதைப் பார்த்ததும் ஏமாற்றப்பட்டதாக உணர்ந்து பதற்றத்தை அங்கேயே இறக்கி வைத்திருப்போம். இசை முடிவு பெறாமலே நின்றதால், காலி அறையும் நமக்குப் பதிலாகத் தோன்றவில்லை. கண் அறையின் மூலைகளைத் தேடத் தொடங்குகிறது. நான்கு வினாடித் துணுக்கு இவ்வாறு தனக்குப் பின்னால் வரும் பத்து வினாடிகளையும் எடுத்துக்கொள்கிறது.

அந்தக் கால் வினாடி நிசப்தத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நடிகர்களைப் படம்பிடிக்கும்போது அந்த இடத்தின் காற்றும் துணியின் உரசலும் தூரத்து வாகன ஓசையும் தாமாகவே பதிவாகிவிடுகின்றன. இசை நின்றாலும் ஏதோ ஒலித்துக்கொண்டே இருக்கும். அனிமேஷனில் தானாக வரும் ஒலி எதுவும் இல்லை. காலடி ஓசை முதல் மூச்சு வரை ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் செய்து சேர்த்தால்தான் உண்டு. எனவே இங்கே நிசப்தம் என்றால் முழு வெறுமை. அந்த வெறுமை எவ்வளவு நேரம் நீடிக்கலாம் என்று துணிந்து பார்த்தவர்கள் உண்டு. 1995இல் ஒளிபரப்பைத் தொடங்கிய நியான் ஜெனிசிஸ் எவாஞ்சலியன் தொடரின் 22ஆவது அத்தியாயத்தில், ஒருவரோடொருவர் ஒத்துப்போகாத இரண்டு பெண்கள் மின்தூக்கியில் நிற்கும் காட்சி ஏறத்தாழ ஒரு நிமிடம் அசையாத ஓவியமாகவே நீள்கிறது. இசை இல்லை, இயந்திரத்தின் ஓசை மட்டும் கேட்கிறது. அதே தொடரில் போர் ஆயத்தக் காட்சிகளில் இசையமைப்பாளர் ஷிரோ சகிசுவின் டிம்பனி (பெரிய ஆர்கெஸ்ட்ரா முரசு) தாளம் திரும்பத் திரும்ப வந்து நம் காதைப் பழக்கியிருக்கிறது. இசை வந்திருக்கக்கூடிய இடத்தில் அது வராமல் போவதுதான் அந்த மின்தூக்கிக் காட்சியைத் தாங்க முடியாததாக்குகிறது. இசையே இல்லாத தொடரில் அந்த நிசப்தத்துக்கு இந்த எடை கிடைத்திருக்காது.

பழக்கம் என்ற சொல் இங்கே அடிப்படையானது. ஒரு திரைப்படத்தில் ஒரு துணுக்கை இரண்டு மூன்று முறைதான் கேட்கிறோம். தொடரில் அதே துணுக்கை மாதக்கணக்கில் கேட்கிறோம். ஜப்பானியத் தொடர்களில் பெரும்பாலும் இசை முன்கூட்டியே எழுதப்பட்டுப் பதிவாகிவிடுகிறது. துயரம், ஐயம், தாக்குதல் என்று பல வகைகளில் பல துண்டுகளைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டு, ஒலி இயக்குநர் ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் பொருத்தமானதை எடுத்துப் பொருத்துகிறார். அமெரிக்காவில் ஹன்னா பார்பெரா நிறுவனத்துக்கு ஹோய்ட் கர்ட்டின் எழுதிய துணுக்குகளும் இதேபோல் ஒரு கிடங்காகி, அத்தியாயம் விட்டு அத்தியாயம், சில நேரங்களில் தொடர் விட்டுத் தொடர் பயணித்தன. செலவைக் குறைக்கச் செய்த இந்த ஏற்பாடு எதிர்பாராத ஒரு பயனைத் தந்தது. இரண்டு மூன்று அத்தியாயங்களுக்குள் பார்வையாளர்கள் துணுக்கின் பொருளைக் கற்றுக்கொள்கிறார்கள். அதன் பிறகு முதல் இரண்டு சுரங்கள் ஒலித்தாலே போதும், மீதியை அவர்களே மனத்தில் முடித்துவிடுகிறார்கள். அந்த நிலை வந்தபின் துணுக்கைப் பாதியில் வெட்டலாம், வேறு வாத்தியத்தில் வாசிக்கலாம், ஆபத்து வராத இடத்தில் வைத்து ஏமாற்றவும் செய்யலாம்.

யாருக்காகவும் எழுதப்படாத, எவரும் உரிமக் கட்டணம் செலுத்திப் பயன்படுத்தக்கூடிய இசை நூலகங்களையும் இங்கே சேர்க்க வேண்டும். 1909இல் தொடங்கிய டி வுல்ஃப், பின்னர் வந்த கேபிஎம் போன்ற பிரிட்டிஷ் நிறுவனங்கள் ஐந்து வினாடி, பத்து வினாடி நீளமுள்ள அதிர்ச்சித் துணுக்குகளையும் இணைப்புத் துணுக்குகளையும் தொகுதி தொகுதியாக வெளியிட்டன. 1991இல் வந்த ரென் அண்ட் ஸ்டிம்பி தொடரும் 1999இல் தொடங்கிய ஸ்பாஞ்ச்பாப் ஸ்கொயர்பேன்ட்ஸ் தொடரும் இத்தகைய நூலக இசையை ஏராளமாகப் பயன்படுத்தின. பழைய மர்மப் படங்களை நினைவூட்டும், முழு ஆர்கெஸ்ட்ரா வாசித்த, கொஞ்சமும் சிரிக்காத துணுக்கு ஒன்றை ஒரு மிகச் சிறிய சங்கடத்தின் மீது வைப்பது அவற்றின் உத்தி. நகைச்சுவை என்பதால் அங்கே பதற்றம் இல்லை என்று எண்ணுவது தவறு. ஓரிரு வினாடிகள் நாம் உண்மையாகவே இறுக்கமடைகிறோம்; அந்த இறுக்கம் அற்பமான காரணத்தின் மீது உடையும்போதுதான் சிரிப்பு வருகிறது. வாசித்தவர்கள் கேலியாக வாசித்திருந்தால் இந்த வேலை நடந்திருக்காது.

இதற்கு எதிர்த் திசையில் 1992இல் வந்த பேட்மேன் அனிமேஷன் தொடர் நின்றது. ஷெர்லி வாக்கரும் அவரது குழுவினரும் அத்தியாயத்துக்கு அத்தியாயம் புதிதாக எழுதி, ஆர்கெஸ்ட்ராவை வைத்துப் பதிவு செய்தார்கள். படத்தைப் பார்த்து எழுதுவதால் சுரம் நிழலின் அசைவோடு சரியாக விழுகிறது. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் உரிய இசைக் குறிப்பைப் பதற்றத்துக்குள்ளேயே மறைத்து வைக்க முடிகிறது. கைவினை என்ற அளவில் இதுவே உயர்ந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் கிடங்கு முறையில் வளரும் பழக்கத்தின் பலம் இதில் குறைவாகவே கிடைக்கும். நீண்ட தொடருக்கு இரண்டையும் கலப்பதே நல்லது என்பது என் கருத்து: அடிக்கடி வரும் சூழலுக்கு மாறாத துணுக்கு, திருப்புமுனைக்குப் புதிய இசை.

தொலைக்காட்சிப் பெட்டியின் ஒலிபெருக்கியும் துணுக்கின் வடிவத்தைத் தீர்மானித்திருக்கிறது. டபுள் பாஸின் மிகத் தாழ்ந்த கம்பி சுமார் 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. திரையரங்கில் அது வயிற்றில் உணரப்படும், சிறிய ஒலிபெருக்கியில் அந்த அதிர்வு வெளியே வருவதேயில்லை. அதன் மேல் அதிர்வுகளைக் கேட்டு மூளை அடிப்படைச் சுரத்தை ஊகித்துக்கொள்ளும் என்றாலும், ஒலியின் பாரம் காணாமல் போய்விடும். ஆகவே தொலைக்காட்சிக்கு எழுதுபவர் தாழ்ந்த முழக்கத்தை மட்டும் நம்பியிருக்க முடியாது. பாஸ் கிளாரினெட், அடைப்பிட்ட டிராம்போன், டிம்பனி, நடுங்கும் வயோலா என்று நடு அலைவரிசையில் தெளிவாகக் கேட்கும் குரல்கள் பதற்றத் துணுக்குகளில் அடிக்கடி வருவதற்கு இதுவும் காரணம். வசனமும் அதே பகுதியில்தான் இருக்கிறது. இசை பெரும்பாலும் இரண்டு வசனங்களுக்கு நடுவில் நுழைந்து, அடுத்த சொல் தொடங்கும் முன் விலகிக்கொள்கிறது. துணுக்கு குறுகியிருப்பதற்கு இந்த நெருக்கடியும் பொறுப்பு.

விளம்பர இடைவேளைக்கு முன் வரும் துணுக்கு மற்றவற்றைவிடச் சற்று வேறானது. அங்கே பார்ப்பவரைச் சில நிமிடங்கள் காக்க வைக்க வேண்டும் என்பதால், ஓய்வு கொள்ளாத கார்டை முழு பலத்தில் எழுப்பி, அதன் எதிரொலி தேய்வதற்குள் திரையை இருட்டாக்கிவிடுவார்கள். திரும்பி வரும்போது அதே கார்டு பெரும்பாலும் தீர்க்கப்படுவதில்லை. புதிய காட்சி வேறு சுருதியில் தொடங்கிவிடும்.

இத்தனை பலமுள்ள கருவி எளிதில் கெட்டுப்போகும். சில தொடர்களில் ஒவ்வொரு பார்வைப் பரிமாற்றத்துக்கும் ஒரு ஸ்டிங் விழுகிறது. நான்காவது நிமிடத்தில் காது அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வதை நிறுத்திவிடுகிறது. இன்னும் மோசமானது, துணுக்கு தரும் முன்னறிவிப்பை எந்தக் காட்சியும் நிறைவேற்றாமல் விடுவது. பத்து முறை எச்சரித்து ஒருமுறையும் ஆபத்து வரவில்லை என்றால், பதினோராவது முறை உண்மையான ஆபத்துக்கு அதே இசையைப் பயன்படுத்த முடியாது. அத்தகைய தொடரைச் சீர்செய்ய வேண்டுமானால் புதிய, இன்னும் உரத்த துணுக்கைத் தேடுவதில் பயனில்லை. சில அத்தியாயங்களுக்குப் பழைய துணுக்கை முற்றிலும் எடுத்துவிட்டு, அந்த இடங்களில் அறையின் ஒலியை மட்டும் விட்டுவைக்க வேண்டும். பிறகு ஆபத்து உறுதியாக வரும் ஒரு காட்சியில், முன்பைவிடத் தணிவாகவும் குறுகலாகவும், ஒரே ஒருமுறை அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும்.